திமிங்கல ரேடியோ டேக்: பீப் கேட்கவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது

இது 148 முதல் 152 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் விட்டுவிட்டுப் பீப் அனுப்பும் சக்ஷன் கப் டேக்குகளுக்கானது (உறிஞ்சு கிண்ணத்தால் திமிங்கலத்தின் மேல் ஒட்டும் சிறு ரேடியோக்கள்). அவற்றைக் கயிற்றில் கட்டிய மிதவையோடு கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் கடலில் இறக்கிச் சோதிக்கும்போது வரும் கோளாறுகளைப் பற்றி மட்டும் பேசுகிறது. உயிருள்ள திமிங்கலத்தின் அருகே போவது வேறு விஷயம். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் திமிங்கலமும் ஓங்கலும் (டால்பின்) இருக்கின்றன. ஆராய்ச்சிக்கென்றாலும் 12-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்காமல் ஒரு டேக்கையும் ஒட்டக்கூடாது. மிதவையில் சோதிக்கும் டேக்கும் அலை பரப்புகிற கருவிதான். அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை உரிமம் வேண்டும்.

ஒரே ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் கேட்கும் பக்கம், அடுத்து நடுவிலுள்ள காற்றும் தண்ணீரும், கடைசியில்தான் டேக். எபாக்சிப் பிசின் ஊற்றி இறுகிய டேக்கைத் திறந்தால் அது பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். "செத்துப்போச்சு" என்று உடைத்த டேக்கில் கோளாறே இல்லை, கோளாறு வள்ளத்தில் கிடந்த கேபிளில் இருந்தது என்பது இந்த வேலையில் சாதாரணமாக நடப்பது.

அறிகுறி 1: மேசைமேல் வைத்தும் பீப் இல்லை

*காந்தத்தை எடுத்தீர்களா?* டேக்கை அணைத்து வைப்பது உள்ளே இருக்கும் ரீட் சுவிட்ச். வெளியே ஒட்டிய காந்தம் போனால்தான் விழிக்கும். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட கைப்பேசி உறை, ஹெட்போன் எதுவும் 30 செ.மீ.க்குள் இருக்கக்கூடாது. காந்தத்தை மணலில் வைக்கும் பழக்கம் நம் கரையில் சரிப்படாது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இருக்கும் இல்மனைட் துகள்கள் வலுவான காந்தத்தில் மீசை முளைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். அந்தக் காந்தத்தைத் திரும்ப டேக்கில் வைத்தால் நடுவில் இடைவெளி விழுந்து சுவிட்ச் பாதி திறந்து நிற்கும். நீங்கள் அணைத்து வைத்ததாக நினைத்த டேக் பெட்டிக்குள்ளேயே இரவெல்லாம் கத்தி பேட்டரியைத் தின்றிருக்கும். காந்தத்தை பிளாஸ்டிக் டேப்பில் சுற்றி வையுங்கள், துகளோடு டேப்பையே உரித்துப் போட்டுவிடலாம்.

*எதில் கேட்கிறீர்கள்?* மீன்பிடி வள்ளங்களில் இருக்கும் கடல் வி.எச்.எஃப். செட் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், அதுவும் எஃப்.எம். முறையில். டேக் அனுப்புவது பண்பேற்றம் இல்லாத வெறும் அலை. எஃப்.எம். செட்டில் அது ஒலியாக வராது, "ஸ்ஸ்" என்ற இரைச்சல் ஒரு கணம் அடங்கும், அவ்வளவே. ரிசீவரை சி.டபிள்யூ அல்லது எஸ்.எஸ்.பி. முறையில் (வெறும் அலையையும் ஒலியாக்கித் தரும் முறைகள்) வையுங்கள்.

*அலைவரிசை சரியா?* எஸ்.டி.ஆர். டாங்கிளில் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழை 150 மெகாஹெர்ட்ஸில் 150 ஹெர்ட்ஸ். மலிவான டாங்கிள் 50 பி.பி.எம். தள்ளி நின்றால் 7.5 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடும். டேக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, குறித்த அலைவரிசைக்கு இருபுறமும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை திரையில் பாருங்கள். சீரான இடைவெளியில் சிறு கோடுகள் விழுந்தால் டேக் உயிரோடு இருக்கிறது. விலகலை டேக்கின் மேலேயே பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.

கோடும் இல்லையா? அடுத்தது பேட்டரி.

*லித்தியம் தயோனைல் குளோரைடு செல்* (3.6 வோல்ட்) நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளே ஒரு படலம் படிந்து தூங்கிவிடும். மல்டிமீட்டரை வெறுமனே வைத்துப் பார்த்தால் 3.6-க்கு மேல் காட்டும். சாகும் தறுவாயில் இருக்கும் செல்லும் அதையேதான் காட்டும், அதை நம்பாதீர்கள். எபாக்சி ஊற்றுவதற்கு முன்பே ஏ.ஏ. அளவு செல்லின் குறுக்கே 330 ஓம் மின்தடையை வைத்து (சுமார் 11 மில்லிஆம்பியர் ஓடும்) 5 முதல் 10 நிமிடம் பாருங்கள். வோல்ட் முதலில் சரிந்து பிறகு ஏறி 3.3-க்கு மேல் நிலைத்தால் செல் நல்லது. ஏறவே இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். செல்லின் உடலில் நேரடியாக சாலிடர் வைக்கவே கூடாது, காது வைத்த செல்லாக வாங்குங்கள்.

ஊற்றி அடைத்துவிட்ட டேக்கில் இந்தச் சோதனை நடக்காது. அதனால் இரண்டு மெல்லிய சோதனைக் கம்பிகளை வெளியே விட்டு ஊற்றி, கடலுக்குப் போகும் நாளில் வெட்டி, முனையை எபாக்சியால் மூடுவது நல்ல வழக்கம்.

*பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?* பீப் 20 மில்லிவினாடி, நிமிடத்துக்கு 60, ஒவ்வொன்றிலும் 30 மில்லிஆம்பியர் என்றால் சராசரி 0.6 மில்லிஆம்பியர். 2,400 மில்லிஆம்பியர்-மணி செல்லுக்கு 4,000 மணி நேரம், அதாவது 166 நாள். இது காகிதத்தில். முக்கால் பங்குக்குக் குறைவாகவே நம்புங்கள்.

*ரீட் சுவிட்சின் கண்ணாடியில் விரிசல் விழுந்திருக்கலாம்.* எபாக்சி இறுகும்போது சுருங்கும், கண்ணாடிக் குழாய் தாங்காது. காந்தத்தை அருகே கொண்டுபோய் விலக்கும்போது சில தடவை மட்டும் பீப் வந்தால் இதுதான். இதைச் சரிசெய்ய வழியில்லை. அடுத்த டேக்கில் சுவிட்சுக்கு மென்மையான சிலிக்கோன் உறை மாட்டிவிட்டு ஊற்றுங்கள்.

*எங்கே நிறுத்துவது:* செல் வீங்கினாலோ சுட்டாலோ மூக்கை அரிக்கும் நெடி வந்தாலோ உடனே விலகிவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உலர்ந்த மணலைக் கொட்டித் திறந்த வெளியில் விடுங்கள். லித்தியம் செல்லைக் கையாளத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

அறிகுறி 2: கரையில் கேட்கிறது, கடலில் கேட்கவில்லை

அதிகம் வருவது இதுதான். டேக்கின் மேல் பழி போடாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

*அ. டேக் தண்ணீருக்கு மேலே இருந்ததா?* 150 மெகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் சுமார் 2 செ.மீ. போவதற்குள் 8 முதல் 9 டெசிபல் இழந்துவிடும். ஆன்டெனாவின் மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றால் ஒன்றும் வெளிவராது. திமிங்கலம் மூச்சுவிட மேலே வரும்போது மட்டும்தான் பீப். நீலத்திமிங்கலம் பொதுவாக 5 முதல் 15 நிமிடம் மூழ்கும், ஸ்பெர்ம் திமிங்கலம் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக. மிதவையில் கட்டிச் சோதிப்பவர்களும் இந்தக் கணக்கில் கேட்டுப் பழக வேண்டும். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு "இல்லை" என்று எழுதுவது கேட்டதாகாது. பல அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்பவர் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பீப் இடைவெளி நிற்க வேண்டும்.

*ஆ. எவ்வளவு உயரத்தில் நின்று கேட்கிறீர்கள்?* இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். அதுதான் அதிகபட்சக் கிலோமீட்டர். டேக்கின் ஆன்டெனா 0.25 மீட்டர், வள்ளத்தில் எழுந்து நின்று பிடித்த யாகி (திசை அறிய உதவும் பல கம்பி ஆன்டெனா) 3 மீட்டர் என்றால் 9 கிலோமீட்டர். 25 மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறக்குறைய 23. முட்டம் போன்ற பாறை மேட்டிலிருந்து ஒருவர் கேட்டு, கைப்பேசியில் வள்ளத்துக்குத் திசை சொல்வது மண்ணெண்ணெய் செலவைக் குறைக்கும். டேக்கின் ஆற்றல் சில மில்லிவாட் மட்டுமே என்பதால், கணக்கில் வந்த தூரத்தில் பாதி கிடைத்தாலே திருப்திப்படுங்கள்.

*இ. என்ஜினை நிறுத்திப் பார்த்தீர்களா?* வெளியே தொங்கும் மண்ணெண்ணெய் என்ஜினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு பொறிக்கும் ரிசீவரில் "டக டக" என்று அடிக்கும். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், கைப்பேசி சார்ஜர் மூன்றும் இதைவிட மோசம், அவற்றின் இரைச்சல் விடாமல் இருக்கும். எல்லாவற்றையும் அணைத்து ஒரு நிமிடம் கேளுங்கள். தெளிவாகிவிட்டதா? ஒவ்வொன்றாகப் போடுங்கள், குற்றவாளி அகப்படும். என்ஜின்தான் என்றால் மின்தடை வைத்த பிளக் மாட்டுங்கள். அதிலும் அடங்காவிட்டால் நிறுத்திக் கேட்டு, ஓட்டி, மறுபடி நிறுத்துவதுதான் வழி. வள்ளக்காரர் முகம் சுளிப்பார். கூலி பேசும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்.

*ஈ. கேபிள்.* கடற்காற்றில் பி.எல். 259 இணைப்பியின் உள்ளே பச்சை பூத்திருந்தால் துடைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், ஒரு சாண் வெட்டிப் புது இணைப்பி போடுங்கள். உப்புநீர் கேபிளின் பின்னலுக்குள் ஏறி நெடுந்தூரம் ஓடியிருக்கும். வெட்டிய இடத்திலும் பின்னல் கறுத்திருந்தால் மேலும் வெட்டுங்கள், செம்பு பளிச்சென்று தெரியும்வரை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். மின்தொடர்பு எதுவும் காட்டக்கூடாது. ஆன்டெனாவை மாட்டிக்கொண்டே அளந்தால் சில யாகிகளில் பூஜ்யம் காட்டும், அது அவற்றின் அமைப்பு, கோளாறு அல்ல. புது இணைப்பின் மேல் தானாக ஒன்றோடொன்று ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் ஒரு வாரத்தில் இளகி வழியும்.

இன்னொன்று: யாகியைப் பிடிக்கும் வாகு. டேக்கின் ஆன்டெனா நட்டமாக நின்றால் யாகியின் கம்பிகளும் நட்டமாக இருக்க வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் 20 டெசிபல் வரை போய்விடும்.

நான்கும் சரி, இன்னும் இல்லையா? டேக்கை வள்ளத்துக்கு இழுத்து ஆன்டெனாக் கம்பியை அளந்து பாருங்கள். 150 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 50 செ.மீ. நுனி 5 செ.மீ. ஒடிந்திருந்தாலும் பொருத்தம் கெடும். அடியில் வளைந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அடுத்த அலையில் ஒடியும். நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் சிறு கருவி) கைவசம் இருந்தால், டேக்கை உப்புநீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு அளந்து பாருங்கள். மேசைமேல் அளந்த எண் கடலில் உதவாது. வி.என்.ஏ. இல்லையென்றால் நாகர்கோவில் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் ஆய்வகத்தைக் கேட்கும் கட்டம் இது.

அறிகுறி 3: பீப் கேட்கிறது, திசை தெரியவில்லை

எல்லாத் திசையிலும் ஒரே பலமா? டேக் மிக அருகில் இருக்கிறது, ரிசீவர் திணறுகிறது. கெயினைக் (ரிசீவரின் பெருக்கத்தை) குறையுங்கள், போதாவிட்டால் 5 கிலோஹெர்ட்ஸ் விலக்கிக் கேளுங்கள், அதுவும் போதாவிட்டால் யாகியைக் கழற்றிவிடுங்கள்.

முன்னும் பின்னும் ஒரே மாதிரியா? கெயினைப் பீப் அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு இறக்கி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பீப் முழுதும் மறையும் இரு விளிம்புகளைக் குறித்து, நடுவை எடுங்கள். உச்சத்தைத் தேடுவதைவிட இது துல்லியம். திசைகாட்டியை ஹெட்போன், என்ஜின், இரும்பு நங்கூரம் மூன்றுக்கும் தள்ளி வையுங்கள்.

அறிகுறி 4: பீப்பின் குரல் மாறுகிறது

வெயிலில் கிடந்த டேக் கடலுக்குள் போனதும் சுருதி மெல்ல இறங்கியோ ஏறியோ ஓரிடத்தில் நின்றால் அது டேக்கின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் படிகத்தின் வெப்பநிலை மாற்றம். கவலை இல்லை, ரிசீவரைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீப்புக்குள்ளேயே குரல் "கீஇஇ" என்று சரிந்தால் பேட்டரி வோல்ட் துடிப்பின்போது விழுகிறது. செல்லுக்கு இணையாகப் பெரிய மின்தேக்கி வைக்காமல் விட்ட வடிவமைப்பில் இது வரும். இடைவெளியும் ஒழுங்கற்றுப் போனால் உள்ளே ஈரம் ஏறிவிட்டது, அறிகுறி 6-க்குப் போங்கள்.

அறிகுறி 5: நீருக்குள்ளும் கத்துகிறது, அல்லது மேலே வந்தும் கத்தவில்லை

உப்புநீர் சுவிட்ச். இரு முனைகளுக்கிடையே கடல்நீர் இருந்தால் பீப்பை நிறுத்தி பேட்டரியைச் சேமிப்பது அதன் வேலை.

சோதனைக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்தால் அது போதிய அளவு மின்சாரம் கடத்தாது, டேக் விடாமல் கத்தும், நீங்கள் கோளாறு என்பீர்கள். 20 லிட்டர் வாளியில் 700 கிராம் கல்லுப்பு கரையுங்கள். அதுதான் கடல்நீரின் உப்பு. மணக்குடிக் காயலிலோ தேங்காய்ப்பட்டணம் ஆற்றுவாயிலோ அலையில்லை என்று சோதிக்கப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைவில் வையுங்கள். பழையாறும் குழித்துறையாறும் நன்னீரைக் கொட்டும்போது அங்கே மேல்மட்ட நீர் கடல்நீரே அல்ல.

வாளியில் முக்கினால் நிற்க வேண்டும், எடுத்த ஒரு வினாடிக்குள் தொடங்க வேண்டும். எடுத்தும் தொடங்கவில்லை என்றால் முனைகளுக்கிடையே ஈர உப்புப் படலம் பாலம் போட்டிருக்கிறது. நன்னீரில் கழுவி உலர்த்தினால் சரியாகிறதா? அப்படியானால் முனைகளை மேற்பரப்பிலிருந்து 3 மி.மீ. உயர்த்துங்கள், சுற்றிலும் மெழுகோ சிலிக்கோனோ தடவித் தண்ணீர் உருண்டு ஓடும்படி செய்யுங்கள். கழுவியும் சரியாகவில்லை என்றால் முனை அரித்திருக்கும். விடாமல் ஒரே திசையில் மின்னோட்டம் விட்டால் ஒரு முனை கரைந்துபோகும். திசை மாறி மாறி, கணநேரத் துடிப்பாக அளக்கும்படி நிரலை மாற்றுங்கள்.

அறிகுறி 6: ஆழத்துக்கு இறக்கி ஏற்றியபின் ஊமை

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 100 மீட்டரில் மேற்பரப்பைப்போல் 11 மடங்கு. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கும்போது 10, 30, 60 மீட்டர் என்று படிப்படியாகப் போய், ஒவ்வொரு தடவையும் ஏற்றிக் கேளுங்கள். எந்த ஆழத்தில் போனது என்று தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

10 மீட்டரிலேயே போனால் கசிவு. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வைத்த உறையென்றால் பள்ளத்தில் மணல் துகள் இருக்கும், இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், கண் ஏமாற்றும். முழுக்க எபாக்சி என்றால் ஆன்டெனாக் கம்பியை ஒட்டித்தான் தண்ணீர் வந்திருக்கும். பல இழை முறுக்கிய கம்பி திரிபோல உறிஞ்சும். உள்ளே போகும் இடத்தில் 2 செ.மீ. நீளத்துக்கு இழைகளுக்குள் சாலிடர் ஊடுருவ விட்டு அடைத்த பிறகே ஊற்ற வேண்டும். டெஃப்லான் உறைக் கம்பியில் எபாக்சி பிடிக்கவே பிடிக்காது, அந்த உறையை உரித்துவிடுங்கள்.

இன்னும் ஆழத்தில் போனால் நசுக்கல். உள்ளே காற்று அடைபட்ட எதுவும் நசுங்கும்: எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி, உலோகத் தொப்பி போட்ட படிகம், எபாக்சியில் விட்ட குமிழி. படிகத்தின் தொப்பி லேசாக உட்குழிந்தால் ஊமையாவதற்கு முன் அலைவரிசை தாவும். ஊமை என்று முடிவுசெய்யும் முன் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தேடுங்கள். பீங்கான் உறைப் படிகம் போட்டால் இந்தத் தொல்லை குறையும்.

குமிழி வராமல் ஊற்ற: பிசினை வெந்நீரில் வைத்து 40 டிகிரிக்குச் சூடாக்கி, எடையில் அளந்து கலந்து, ஒரு தடவைக்கு 1 செ.மீ. கனத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். மொத்தமாக ஊற்றினால் தன் சூட்டில் தானே கொதித்துச் செல்லையும் வேகவைத்துவிடும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஈரக்காற்றால் மேலே பிசுபிசுப்பான படலம் விழும். அடுத்த அடுக்குக்கு முன் அதை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேயுங்கள். துடைக்காமல் ஊற்றிய அடுக்கு ஆழத்தில் பிரியும்.

*எங்கே நிறுத்துவது:* சில நூறு மீட்டருக்கு மேல் தாங்க வேண்டிய டேக்கைக் கயிற்றில் சோதிப்பது வீண்செலவு. அழுத்தக் கலத்தில் வைக்க வேண்டும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தில் அந்த வசதி உண்டு. பி.வி.சி. குழாயை வைத்து வீட்டில் அழுத்தக் கலம் கட்டாதீர்கள், அது வெடித்தால் சில்லு பறக்கும்.

அறிகுறி 7: மிதக்கிறது, ஆனால் சாய்ந்து கிடக்கிறது

ஆன்டெனா தண்ணீரில் படுத்தால் டேக் தொலைந்ததற்குச் சமம். செல் அடியில், மிதப்பு மேலே இருக்க வேண்டும். வாளியில் மிதக்கவிட்டு, தூண்டில் ஈயத்தை 10 கிராம் 10 கிராமாக அடிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். கையால் சாய்த்துவிட்டால் இரண்டு ஆட்டத்தில் நிமிர வேண்டும், ஆன்டெனாவின் அடி நீருக்கு மேல் 3, 4 செ.மீ. நிற்க வேண்டும். ஈயம் போட்டு மூழ்கத் தொடங்கினால் மிதப்பு போதவில்லை. வாளியில் நிமிர்ந்து நின்றது ஆழம் போய்வந்தபின் சாய்கிறதா? தெர்மோகோல் வைத்திருக்கிறீர்கள், அது நசுங்கி மீளாமல் போயிருக்கும். கண்ணாடி நுண்குமிழியை எபாக்சியில் குழைத்து வார்த்த மிதப்புதான் ஆழத்துக்கு ஆகும்.

அறிகுறி 8: சீக்கிரம் கழன்றுவிடுகிறது, அல்லது கழலவே இல்லை

சக்ஷன் கப்பை ஃபைபர் வள்ளத்தின் ஈரமான வளைந்த பக்கத்தில் ஒட்டி, 2 கிலோ எடையைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். விழுந்தால் விளிம்பைப் பாருங்கள்: மணல், வெட்டு, வெயிலில் இறுகிய சிலிக்கோன். விளிம்பில் பிளேடு கீறல் ஒன்று இருந்தாலும் கப் போனது போனதுதான், ஒட்டுப் போடாதீர்கள். வள்ளத்தில் ஒரு மணி நேரம் தாங்குவது உயிருள்ள தோலில் அவ்வளவு தாங்காது. திமிங்கலத்தின் தோல் உரிந்துகொண்டே இருக்கும்.

கழலவில்லை என்றால் அரித்துக் கழலும் உலோகக் கண்ணியைப் பாருங்கள். கிரீஸோ எபாக்சியோ பட்டிருந்தால் அரிக்காது. நன்னீரில் சோதித்தாலும் அரிக்காது. அதன்மேல் எழுதிய நேரம் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கானது. குளிர்நீருக்கு எழுதியது நம் 28 டிகிரிக் கடலில் முன்னதாகவே அறும். ஒரே தொகுதியிலிருந்து மூன்றை எடுத்து, எடை தொங்கவிட்டு, கடல்நீர்ப் பாத்திரத்தில் வைத்து நேரம் எடுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள். மின்சாரம் விட்டுக் கரைக்கும் நிக்ரோம் கம்பி என்றால் முதலில் துருவத்தைப் பாருங்கள். கம்பி நேர்மின் முனையில் இருக்க வேண்டும். மாற்றி இணைத்தால் கம்பியில் குமிழி வரும், கம்பி அப்படியே இருக்கும்.

அறிகுறி 9: வி.எச்.எஃப். கேட்கிறது, செயற்கைக்கோள் இடம் தரவில்லை

ஆர்கோஸ் (செயற்கைக்கோள் வழியாக இடமறியும் அமைப்பு) அலகும் சேர்ந்த டேக்குக்கு மட்டும். அது 401.65 மெகாஹெர்ட்ஸ், கால் அலை சுமார் 18.7 செ.மீ. வி.எச்.எஃப். கம்பியை அதற்கும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் என்பதால் 8 டிகிரி அட்சத்தில் இருக்கும் நமக்குத் தலைக்கு மேல் வரும் தடவைகள் குறைவு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம். கடப்பு நேரங்களை முன்கூட்டியே எடுத்து, டேக்கைத் திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்து ஒரு முழு நாள் காத்திருந்துவிட்டே கோளாறு என்று சொல்லுங்கள். இடம் வந்தும் தரம் ஏ, பி (நம்பகம் குறைந்த வகைகள்) என்றே விழுந்தால் ஒரு கடப்பில் போதுமான செய்திகள் போகவில்லை. பெரும்பாலும் உப்புநீர் சுவிட்சுதான், அறிகுறி 5. அனுப்பும் பகுதியே பழுதென்றால் உள்ளூரில் யாரும் தொட வேண்டாம், தயாரித்தவருக்கே அனுப்புங்கள். செயற்கைக்கோள் கருவியை உரிய அனுமதித் தாள் இல்லாமல் வள்ளத்தில் ஏற்றாதீர்கள். தாளின் நகல் ஒன்று வள்ளத்திலும் ஒன்று கரையிலும் இருக்கட்டும்.